மறுபடியும் காண்பியுங்கள்

வேத பாடம்: லேவியராகமம் 13:18-23



2021-ல் எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. கீமோ, கரண்ட் சிகிச்சை எல்லாம் முடிந்து சபையிலே சாட்சி சொன்னேன். 2023-ல் ஒருநாள் குளிக்கும்போது, தழும்பின் ஓரத்தில் பட்டாணி அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. "சுகமாயிட்டேன்னு சாட்சி சொன்னாளே, இப்ப என்னாச்சு?" என்று கேட்பார்களோ என்ற வெட்கம். கட்டியைவிட அந்த வெட்கமே என்னை நெருக்கிற்று.

அப்போதுதான் தியானத்தில் இந்த வேதபகுதி வந்தது. புண் வந்து ஆறிப்போன இடத்திலே புதிதாய் ஒரு தடிப்பு உண்டானால் என்ன செய்யவேண்டும் என்று கர்த்தர் மோசேக்குச் சொல்லியிருக்கிறார். இதிலே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

1. அதை ஆசாரியனுக்குக் காண்பிக்கவேண்டும். மறைக்கவும் கூடாது, தானே தீர்ப்புச் சொல்லவும் கூடாது. கட்டி வலிக்கிறதா இல்லையா என்பதை வைத்து நாமாக முடிவு பண்ண முடியாது. டாக்டர் பார்க்கவேண்டும், மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதனை.

2. சந்தேகமாயிருந்தால் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது அவிசுவாசம் அல்ல; அதுவும் வேதத்தில் உள்ள ஒழுங்குதான்.

3. அது பரவாமல் அங்கேயே நின்றால் புண்ணின் தழும்புதான் (வச. 23). ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் பிறகு கொழுப்புத் திசு செத்துக் கட்டியாவதுண்டு. இது மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரலாம். நீர் கோர்த்துக்கொள்வதும், தழும்பு தடிப்பதும் உண்டு. எல்லாக் கட்டியும் பழைய வியாதி அல்ல.

நான் பாஸ்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "சாட்சியை நீ காப்பாத்த வேண்டாம்மா, சாட்சி கொடுத்தவர் காப்பாத்துவார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கூடவே வந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ரிசல்ட் வந்தது: கொழுப்புக் கட்டிதான்.

ஒருவேளை வேறுவிதமாய் வந்திருந்தால்? கர்த்தர் அப்போதும் கர்த்தரே. திரும்பவும் மார்பிலே வருகிற நோய்க்கும் சிகிச்சை உண்டு; சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. பத்துக் குஷ்டரோகிகளையும் ஆண்டவர் ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கத்தானே அனுப்பினார் (லூக். 17:14)!

பிரியமான சகோதரியே, வருஷம் ஒருமுறை மேமோகிராமைத் தவறவிடாதீர்கள். தழும்பிலோ அக்குளிலோ காறை எலும்பின் மேலோ புதிதாய்க் கட்டி கண்டால், தோல் சிவந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திராமல் உடனே போய்க் காண்பியுங்கள். சபையாரே, அப்படிப்பட்டவர்களிடம் "விசுவாசம் எங்கே?" என்று கேட்காதிருங்கள். கூடப் போங்கள்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.