தோட்டத்து ஆஸ்பத்திரியும் தூரதேசத்து மாணவரும்

மேல்நாடுகளில் வைத்தியம் படிக்கும் மாணவர் பட்டம் பெறுமுன் சில வாரங்களைத் தாம் விரும்பிய ஊரில், விரும்பிய ஆஸ்பத்திரியில் பயிற்சியாகக் கழிப்பது வழக்கம். 'எலெக்டிவ்' என்பது அதன் பெயர். விருப்பப் பயிற்சி என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். பிரித்தானிய மாணவர் பலர் இதற்கென ஆறு அல்லது எட்டு வாரங்களை ஒதுக்கி ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் புறப்படுகின்றனர். 1951இல் கோப்பன்ஹேகனில் தோன்றிய மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனத்துக்கும், நாட்டுக்கு நாடு மாணவரை மாற்றி அனுப்புவது முக்கிய வேலைகளுள் ஒன்று. இலங்கைக்கும் இவர்கள் வருகின்றனர்.

இது நல்ல காரியந்தானா? யாருக்கு நல்லது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். கொத்மலையைப் போன்ற ஒரு தோட்டப் பகுதியை மனதில் வைத்துப் பார்ப்போம்.

அங்கே ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்றால் அன்றைய பேர் போயிற்று. அரைப்பேராவது கிடைத்தால் புண்ணியம். வைத்தியர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். அவருடன் வந்து நிற்கும் வெளிநாட்டு மாணவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தாய் தமிழில் சொன்னது தாதி வாயால் சிங்களமாகி, வைத்தியர் வாயால் ஆங்கிலமாகி மாணவர் காதில் விழும்போது, "பிள்ளை மூன்று நாளாகப் பால் குடிக்கவில்லை" என்பதில் மூன்று நாள் எங்கேயோ உதிர்ந்து போயிருக்கும். பாதகம் விளைவது பெரும்பாலும் இப்படித்தான். கெட்ட எண்ணத்தால் அன்று.

பழைய கதை ஒன்றை இங்கே படிப்பது பயன் தரும். 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஈர மண்ணில் கிடக்கும் இப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் வந்து தங்கும். அங்கே இரத்தத்தை உறிஞ்சும். தேயிலை மலைகளில் ஈரமும் நிழலும் வெறுங்காலும் இருந்தன, மலசலகூடந்தான் இல்லை. வந்தவர்கள் கெனப்போடியம் என்ற எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தனர். குமட்டலும் மயக்கமும் உண்டாக்கும் கடுமையான மருந்து அது. தொழிலாளர் அஞ்சியதில் வியப்பில்லை. புழு விழுந்தது உண்மை. ஆனால் மலசலகூடம் கட்டுவதென்றால் தோட்டத்துக்குச் செலவு, துரைமார் தயங்கினர். குணமானவன் மறுநாள் அதே மண்ணில் கால் வைத்தான். புழு திரும்பி வந்தது.

மருந்து மட்டும் போதாது என்ற பாடத்தைக் கற்றபின், 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. தாய் சேய் கவனிப்பு, பாடசாலைப் பிள்ளைகள், தண்ணீர், துப்புரவு எல்லாம் ஓரிடத்தில் ஒருவர் பொறுப்பில் வந்தன. இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி முறை இதிலிருந்து வளர்ந்ததே. அதே களுத்துறையில் இன்றும் சுகாதார ஊழியர் பயிற்றப்படுகின்றனர். தோட்டங்களுக்கு மட்டும் இந்த முறை முழுமையாக வந்து சேர அநேக ஆண்டுகள் பிடித்தன. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைச் சட்டத்தின் காலந்தொட்டுத் தோட்ட வைத்தியம் தனி வழியாகவே நடந்து வந்தமை அதற்கு ஒரு காரணம்.

வெளிநாட்டார் வந்து செய்த வேறொரு விதமான வேலையும் நம் நாட்டில் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியமும் கற்பித்தலும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்பு தாமே தமிழ் கற்று, வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியரை உருவாக்கினார். அவர் கையில் பயின்றோர் அறுபதுக்கு மேல். ஆறு வாரத்துக்கு வரும் இளைஞரிடம் நாம் இதை எதிர்பார்க்க முடியாதுதான். எனினும் "எங்கே வலிக்கிறது?", "எத்தனை நாளாக?" என்ற இரண்டு கேள்விகளையாவது தமிழில் படித்துக்கொண்டு வருவதற்கு ஆறு வாரம் வேண்டியதில்லை.

இப்பயிற்சிகளுக்கு ஒழுங்கு வேண்டும் என்று அந்நாட்டாரே உணர்ந்தனர். 2010இல் வெப்பமண்டல வைத்தியத்துக்கான அமெரிக்கச் சஞ்சிகையில் ஒரு நிபுணர் குழு நெறிமுறைகளை வெளியிட்டது. அழைக்கும் ஊரின் தேவை முன்னிற்க வேண்டும். மாணவரைப் பார்த்துக்கொள்ளும் செலவும் நேரமும் அவ்வூர் தலையில் விழக்கூடாது. பயிற்சிக்கு மிஞ்சிய வேலையில் மாணவர் கை வைக்கக்கூடாது. கடைசியில் சொன்னதே என் கணிப்பில் மிக முக்கியம். தன் நாட்டில் ஊசி போட அனுமதியில்லாதவர், லயத்துப் பெண்ணின் கையில் போட்டுப் பழக எந்த நியாயமும் இல்லை. ஏழையின் உடம்பு பாடப்புத்தகம் அல்ல.

ஆகவே தோட்டக் குடும்பங்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டியது: நம்மைப் பரிசோதிப்பவர் வைத்தியரா, மாணவரா என்று கேட்கலாம். மாணவர் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்காக வைத்தியத்தை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. நம் அனுமதியின்றிப் பிள்ளையைப் படம் பிடிக்கவும் கூடாது. சரி என்று சம்மதிப்பவர்களும் நம்மிடையே பலர் இருப்பார்கள். மாணவரும் எங்கேனும் கற்றுத்தானே ஆக வேண்டும்.

இன்னுமொன்று. இந்தப் பயணம் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. அங்கிருந்து வருவோர் அநேகர். இங்கிருந்து அங்கு சென்று பயில விசாவும் பணமும் கிடைப்போர் சிலரே. ஆனால் தோட்டங்களுக்குள் நடக்க வேண்டிய பயிற்சிக்கு விசா வேண்டியதில்லை. 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்திலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை வழியாகக் கொத்மலைப் பக்கம் வர ஒரு பஸ் போதும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடங்கள் உள்ளன. அங்கெல்லாம் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் சில வாரம் தோட்டத்துக் கிளினிக்கில் மருத்துவமாதுடன் லயம் லயமாக நடந்து பார்க்கட்டும். கர்ப்பிணிகளின் இரத்தசோகையும் எடை குறைந்து பிறக்கும் சிசுக்களும் தோட்டங்களில் இன்றும் பெரும் பிரச்சினை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கொழுந்துக்குப் போன தாய் பாலூட்ட எத்தனை மணிக்குப் பிள்ளை மடுவத்துக்கு வர முடிகிறது என்பவற்றை அந்த நடையில்தான் காணலாம். உங்கள் வீட்டில் மருத்துவம் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அடுத்த விடுமுறைக்கு முன் இதைப் பற்றி அவர்களோடு பேசிப் பாருங்கள்.