பூச்சி பொம்மை செய்து பழகும் பிள்ளைகள்

அவரைப் பந்தலில் அசுவினி தோன்றிய சில நாட்களில், அதே கொடியில் கறுப்பும் சாம்பலும் கலந்த சிறு புழுக்கள் ஊரத் தொடங்கும். உடலில் ஆரஞ்சு நிறத் திட்டுகளும் சிறு முட்களும் இருக்கும். பார்வைக்குக் குட்டி முதலையைப் போலிருக்கும் இப்புழுவைக் கண்டதும் பிள்ளைகள் நசுக்கி விடுகிறார்கள். பெரியவர்களோ தெளிப்பானைத் தேடுகிறார்கள். உண்மையில் அது அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டின் இளம் பருவம். வளர்ந்த வண்டை நண்பன் என்று அறிந்தவர்களில்கூடப் பலர் அதன் புழுவை அடையாளம் காண்பதில்லை.

இதை நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி விளங்க வைப்பது கடினம். கையால் செய்து பார்த்தால் மனதில் பதியும். இதற்காகக் கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை. களிமண், தென்னை ஈர்க்கு, நிலக்கடலைத் தோடு, வெங்காயச் சருகு, தினை, கடுகு, அடுப்புக்கரி, மஞ்சள் தூள், கொஞ்சம் கஞ்சிப் பசை ஆகியவை போதும்.

முதலில் பூச்சியின் உடலமைப்பைக் கற்றுத் தர வேண்டும். பிசைந்த களிமண்ணில் மூன்று உருண்டைகள் பிடித்து வரிசையாக ஒட்டவும். சிறியது தலை, அடுத்தது மார்பு, நீண்டு பெரிதாக இருப்பது வயிறு. ஆறு ஈர்க்குத் துண்டுகளையும் பக்கத்துக்கு மூன்றாக மார்பில் மட்டுமே செருக வேண்டும். ஈர்க்கைப் பெரியவர்களே நறுக்கி, முனையை மழுக்கித் தருவது நல்லது. பெரும்பாலான பிள்ளைகள் காலை வயிற்றில்தான் குத்தும். உடனே திருத்த வேண்டாம். செத்துக் கிடக்கும் வண்டு ஒன்றைக் காட்டி, "கால் எங்கிருந்து கிளம்புகிறது பார்" என்றால் போதும். பிள்ளையே பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்துவிடும். தலையில் இரண்டு மெல்லிய ஈர்க்குகளை வைத்தால் அவை உணர்கொம்புகள். வயிற்றைக் குச்சி போல நீட்டி, உணர்கொம்புகளை மிகக் குட்டையாக்கி, மார்பில் நான்கு வெங்காயச் சருகுகளைச் செருகினால் தட்டான் ஆகிவிடும்.

சிலந்திக்கு இரண்டே உருண்டைகள்தான். எட்டுக் கால்களும் முன் உருண்டையில் இருக்கும். இறக்கையும் உணர்கொம்பும் கிடையாது. எனவே அது பூச்சியினத்தில் சேராது. ஆயினும் நெல் வயலில் தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நண்பன் அது. இரண்டு சிலந்திக்கும் ஒரு வண்டுக்கும் மொத்தம் எத்தனை கால் என்று கேட்டால், சிலேட்டில் போடும் கணக்கைவிட விருப்பத்தோடு எண்ணிச் சொல்வார்கள்.

அடுத்தது பொறிவண்டின் நான்கு பருவங்கள். இதற்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். பழைய அட்டை ஒன்றை நான்காகப் பிரித்துக் கொள்ளவும். முதல் கட்டத்தில் மஞ்சள் நிறத் தினையைப் பசையில் நெருக்கமாக ஒட்டினால் அது முட்டைக் கூட்டம். இரண்டாம் கட்டத்தில், இரு முனையும் ஒடுங்கிய களிமண் புழுவுக்குக் கரி பூசி, காய்ந்தபின் மஞ்சளும் செங்காவியும் குழைத்துப் புள்ளி வைக்கவும். (மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பு வரும். ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கையில் வேண்டாம்.) மூன்றாம் கட்டத்தில் இலையோடு ஒட்டிக்கொண்ட களிமண் மணி ஒன்று. இது கூட்டுப்புழு, நடமாடாது, தீனியும் எடுக்காது. நான்காவது, நிலக்கடலைத் தோட்டின் இரு பாதிகளுக்கு மஞ்சள் பூசி, கரியால் நெளிகோடு இழுத்துச் செய்த வண்டு. தோட்டுக்கு அடியில் வெங்காயச் சருகை மடித்து வைக்க மறக்கக் கூடாது. மேலே உள்ள கெட்டியான இறக்கைகள் மூடிபோன்றவை. வண்டு பறக்க உதவுபவை உள்ளே மடிந்திருக்கும் மெல்லிய இறக்கைகளே. முட்டை வண்டாக மாற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

பிறகு ஓர் அவரை இலையில் பத்துக் கடுகை அசுவினியாகப் பரப்பி, களிமண் புழுவை நகர்த்தி ஒவ்வொன்றாக அகற்றச் சொல்லலாம். நான்கு தின்றால் மீதி எத்தனை என்பது கழித்தல் கணக்கு.

கொய்யா, திராட்சை பயிரிடுவோர் வீட்டில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு 1898ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளால் மூடியிருப்பதால், பகைவன் என்று எண்ணிக் கொன்றுவிட இடமுண்டு. சிறு களிமண் உருண்டையைத் தட்டி அரிசி மாவில் புரட்டினால் மாவுப்பூச்சி. அதைவிடப் பெரிய புழு ஒன்று செய்து, பஞ்சை நீள நீளமாகத் திரித்து ஒட்டினால் கிரிப்டோலேமஸ். மாவுப்பூச்சி இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசையாது, இது சுறுசுறுப்பாக ஊரும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் வேறுபாடு விளங்கும்.

பகைப் பூச்சிகளில் நெல் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் ஒன்றைச் செய்து பழகினால் போதும். தென்னோலைத் துண்டின் நுனியருகே தினையை ஒட்டி, மேலே தேங்காய் நார்த்தூளைத் தூவவும். தாய் அந்துப்பூச்சி தன் உடலின் பழுப்பு மயிரால் முட்டைகளை மூடிவைப்பது இப்படித்தான். நாற்றங்காலில் இலை நுனியில் இதைக் கண்டால், நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழிப்பது வழக்கமான பரிந்துரை.

இந்தக் கைவேலைக்கு மருந்து கலந்து நேர்த்தி செய்த விதைகளை ஒருபோதும் தரக் கூடாது. அவற்றின் சிவப்பு நிறம் பிள்ளைகளை இழுக்கும், வாயில் போட்டால் விபரீதம். காலியான பூச்சிமருந்துப் புட்டி, டப்பா, பை ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் உபயோகிக்கக் கூடாது. கடுகும் தினையும் மூக்கிலோ காதிலோ போகாமல் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கம்பளிப்பூச்சியையும், தொட்டால் தோலில் கொப்புளம் எழுப்பும் கொப்புள வண்டையும் கையில் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கவும்.

பொம்மைகள் காய்ந்ததும், மருந்து தெளிக்காத கொடிப் பக்கம் காலை வெயில் ஏறுமுன் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். களிமண் புழுவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப்போல் உயிருள்ளது எங்கே என்று தேடட்டும். பறிக்க வேண்டாம், எத்தனை என்று எண்ணி வந்து சொன்னால் போதும். அசுவினியோடு பொறிவண்டுப் புழுக்களும் நிறைய இருப்பதாகத் தெரிந்தால், இரண்டு மூன்று நாட்கள் தெளிப்பைத் தள்ளிவைத்து, அசுவினி குறைகிறதா என்று கவனித்தபின் முடிவு செய்யலாம்.