சாட்டில் ஒப்புக்கொண்டது கார்டில் ஏறட்டும்

“அந்த பேனர் என்ன ஆச்சு?” என்று திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கேட்பார். சாட்டைத் துழாவினால் போன வாரமே அதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும். “பண்ணிடறேன்” என்று ஒருவர் கட்டைவிரல் இமோஜியும் போட்டிருப்பார். டாஸ்க் போர்டில் மட்டும் அப்படி ஒரு வேலையே இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் டாஸ்க் போர்டான ட்ரெல்லோவையும் சாட் செயலியான ஸ்லாக்கையும் இணைக்கிறோம். ஆனால் இணைக்க உட்காருகிற பலரும் தொடங்குவது எதிர்ப்பக்கத்தில். போர்டில் எது அசைந்தாலும் சேனலில் ஒரு செய்தி விழும்படி செய்துவிடுகிறார்கள். புது கார்டுக்கு ஒன்று, கமெண்டுக்கு ஒன்று, லேபிள் மாறினால் இன்னொன்று. முதல் நாள் எல்லாருக்கும் குஷி. வார இறுதிக்குள் பாதிப் பேர் அந்தச் சேனலை மியூட் செய்திருப்பார்கள்.

போர்டில் ஏறிய வேலை எங்கும் ஓடிவிடாது. காணாமல் போவதெல்லாம் சாட்டில் பேசி முடித்த வேலைதான். போதாக்குறைக்கு, ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணில் படாது. ஒரு வருடத்தைத் தாண்டியவை அழிந்தே போகும். ஆகவே முதல் இணைப்பு சாட்டிலிருந்து போர்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது பிறகு.

ஓர் இமோஜி, ஒரு கார்டு

இரண்டு செயலிகளுக்கும் நடுவே நிற்க ஜாப்பியர் போன்ற ஒரு சேவை வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் இது. இதன் கணக்கு எளிது: ‘இது நடந்தால்’ என்பது ட்ரிகர், ‘அதைச் செய்’ என்பது ஆக்‌ஷன். இரண்டும் சேர்ந்தது ஒரு ஜாப்.

ட்ரிகராக, ஸ்லாக்கில் ஒரு செய்திக்கு ரியாக்‌ஷன் விழுவதைத் தேர்ந்தெடுங்கள். எந்த இமோஜி, எந்தச் சேனல் என்று அங்கேயே குறிப்பிடலாம். யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தாத இமோஜியாக இருக்கட்டும். கட்டைவிரலை வைத்தால் கெட்டது கதை, “சாப்பிடப் போகலாமா?” என்பதும் கார்டாகிவிடும். ஆக்‌ஷன், ட்ரெல்லோவில் கார்டு உருவாக்குவது. செய்தியின் வாசகம் கார்டின் தலைப்புக்குப் போகட்டும். அந்தச் செய்திக்கான லிங்க் விவரப் பகுதிக்குப் போகட்டும். பிறகு யாராவது “இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?” என்று கேட்டால் ஒரு கிளிக்கில் விடை.

இனி வருவது தொழில்நுட்பம் அல்ல, குழு கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்: இமோஜியை யார் வைப்பது? என் கட்சி, வேலையை ஏற்பவர்தான் வைக்க வேண்டும். கேட்பவர் வைத்தால், கேட்டதெல்லாம் போர்டில் குவியும். யாரும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஏற்பவர் வைத்தால் அந்த இமோஜியே ஒரு கையெழுத்து. கார்டில் அவர் பெயர் தானாக ஏற வேண்டுமானால், ஜாப்பியரின் ஃபார்மேட்டரில் லுக்கப் டேபிள் என்று ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் ஒவ்வொருவரின் ஸ்லாக் ஐடி, வலப்பக்கம் அவர்களின் ட்ரெல்லோ ஐடி. எட்டுப் பேர் குழுவுக்குக் கால் மணி நேர வேலை.

கார்டு எந்த லிஸ்டில் பிறக்கிறது என்பதும் முக்கியம். ‘நடக்கிறது’ லிஸ்டில் நேராகக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். ‘புதுசு’ என்று தனி லிஸ்ட் வையுங்கள். தினமும் காலையில் ஒருவர் அதைத் திறந்து, “ஓகே அந்த ரெண்டாவது மாதிரியே வச்சுக்கலாம்” என்று வந்திறங்கியிருக்கும் தலைப்பை மனிதருக்குப் புரிகிற மாதிரி திருத்தி, கெடு தேதி போட்டு, உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தையும் ஆட்டோமேஷனிடம் ஒப்படைக்க ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம்கொடுத்த போர்டுகள் ஒரு மாதத்தில் குப்பைக்கூடை ஆகின்றன.

திரும்பி வரும் பாதை

இப்போது போர்டிலிருந்து சாட்டுக்கு. இங்கே ஒரே கேள்விதான்: இந்தச் செய்தியைப் படித்ததும் யாராவது ஒருவர் கை வேலையை நிறுத்திவிட்டு ஏதாவது செய்ய வேண்டுமா? ஆம் என்றால் அனுப்புங்கள். இல்லையென்றால் அது போர்டிலேயே கிடக்கட்டும்.

கார்டு ‘சரிபார்க்க’ லிஸ்டுக்கு நகர்ந்தால், பார்க்க வேண்டியவருக்குச் செய்தி. ‘தடைப்பட்டது’ லிஸ்டுக்குப் போனால், தடையை நீக்கக்கூடியவருக்குச் செய்தி. நாளை கெடு என்றால், பொறுப்பாளருக்கு. அவ்வளவு போதும். ‘முடிந்தது’ என்ற நல்ல செய்திகளை ஒவ்வொன்றாகக் கொட்டாமல், ஜாப்பியரின் டைஜஸ்டில் சேர்த்து மாலையில் ஒரே தொகுப்பாக அனுப்பலாம்.

இந்தக் கறாருக்குக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், வேறு இருவரோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் வேலையைச் சீக்கிரமே முடித்தார்கள். விலை வேறு இடத்தில் விழுந்தது: மன அழுத்தம், எரிச்சல், அவசரம் எல்லாம் அவர்களிடம் கூடியிருந்தன. வேலை முடிகிறது என்பதால் மேனேஜர் கண்ணுக்கு இந்தப் பாதிப்பு தெரிவதே இல்லை.

ஒரு சின்ன நுணுக்கம். செய்தியில் ஒருவர் பெயருக்கு முன் அட் குறி போட்டு எழுதிவிட்டால் அவருக்கு மணி அடிக்கும் என்று நினைப்போம். ஆட்டோமேஷன் வழியாகப் போகும்போது அது பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே நிற்கும். ஸ்லாக்கின் உறுப்பினர் ஐடி வேண்டும். அவரவர் புரொஃபைலில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் அதை நகலெடுக்கலாம். பிரைவேட் சேனல் என்றால் ஜாப்பியரையும் அந்தச் சேனலுக்குள் அழைத்துச் சேர்க்க மறக்காதீர்கள்.

எங்கெங்கே சறுக்கும்

எல்லாவற்றிலும் மோசமானது சுழல். சேனலில் விழும் எந்தச் செய்தியும் கார்டாகும், எந்தப் புது கார்டும் சேனலில் செய்தியாகும் என்று இரண்டு ஜாப் போட்டால், அவை ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். பாட் செய்திகளுக்கும் இயங்கட்டுமா என்று ஸ்லாக் ட்ரிகரில் கேட்கப்படும் இடத்தில் ‘வேண்டாம்’ என்றே விடுங்கள். இமோஜி வழி இந்த வம்பில் சிக்காது. பாட் தனக்குத்தானே ரியாக்‌ஷன் போட்டுக்கொள்வதில்லை.

அடுத்தது நேரம். ஜாப்பியர் கணக்கின் நேர மண்டலம் யூடிசியில் இருந்தால், நீங்கள் காலை 9 மணிக்கு வைத்த நினைவூட்டல் சென்னையிலும் கொழும்பிலும் பிற்பகல் 2:30-க்கு வந்து சேரும். செட்டிங்ஸில் முதல் வேலையாக மாற்றுங்கள்.

அடுத்து, யார் கணக்கு? ஆர்வமுள்ள ஒருவர் தன் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் கட்டியிருப்பார். அவர் வேலையை விட்டுப் போனதும் அட்மின் அந்தக் கணக்கை முடக்குவார். இணைப்புகள் ஓசையின்றி நின்றுவிடும். பிழை வந்தால் ஜாப்பியர் அனுப்பும் எச்சரிக்கை மெயிலும் அவருடைய பழைய இன்பாக்ஸுக்கே போய்க்கொண்டிருக்கும். குழுவுக்கென்று பொதுக் கணக்கு ஒன்று, எந்த ஜாப் என்ன செய்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு ஒன்று. இவ்விரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ரகசியமும் கவனிக்க வேண்டியது. இமோஜி விழுந்த செய்தி ஸ்லாக்கை விட்டு வெளியேறி இன்னும் இரண்டு நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போகிறது. 2018-இல் பாதுகாப்புத் துறைச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ், பயனர்கள் ‘பப்ளிக்’ என்று வைத்திருந்த ட்ரெல்லோ போர்டுகளில் பாஸ்வேர்டுகள் வெளிப்படையாகக் கிடந்ததை எழுதினார். உங்கள் போர்டு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்று இன்றே பாருங்கள். வாடிக்கையாளர் விவரமும் பாஸ்வேர்டும் புழங்கும் சேனல்களில் இந்த ஏற்பாடே வேண்டாம்.

செலவு? ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க், ஒரு ஜாப்பில் இரண்டே படிகள். இமோஜியிலிருந்து கார்டு என்ற அடிப்படை அதற்குள் அடங்கிவிடும். லுக்கப் டேபிளும் டைஜஸ்டும் வேண்டுமென்றால் காசு. பணம் கட்டும் முன், ட்ரெல்லோவே ஸ்லாக்குக்குத் தந்திருக்கும் ஆப்பையும் போர்டுக்குள்ளேயே இருக்கும் பட்லர் ஆட்டோமேஷனையும் பாருங்கள். போர்டிலிருந்து சாட்டுக்கு வரும் பாதையைப் பெரும்பாலும் அவற்றிலேயே முடித்துவிடலாம். அலுவலகத்தில் ஸோஹோ என்றால் ப்ராஜெக்ட்ஸ், கிளிக், நடுவே ஃப்ளோ. மைக்ரோசாஃப்ட் என்றால் ப்ளானர், டீம்ஸ், நடுவே பவர் ஆட்டோமேட். பொத்தான்களின் பெயர் மாறும், மேலே சொன்ன ஏற்பாடு மாறாது.

மேனேஜரிடம் கொண்டுபோகும்போது “ஒரு ஜாப் கட்டியிருக்கிறேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு குழுவில், ஒரு சேனலில், இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். “அது என்ன ஆச்சு?” என்ற கேள்வி அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் சேனலில் எத்தனை முறை வந்தது, இப்போது எத்தனை முறை வருகிறது என்று ஸ்லாக் தேடலில் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களோடு போய்ப் பேசுங்கள். அப்ரைசல் படிவத்திலும் அவற்றையே எழுதலாம்.