பழைய கிரிக்கெட் ஆல்பங்களும் அவற்றின் மதிப்பும்

தபால்தலை, நாணயம் ஆகியவற்றைச் சேர்ப்பதைப் போலவே, விளையாட்டுச் செய்திகளையும் படங்களையும் வெட்டி ஒட்டி ஆல்பம் தயாரிப்பதும் ஒரு நல்ல பொழுதுபோக்காகும். நம் தாத்தாக்களும் மாமாக்களும் ஒட்டிவைத்த இத்தகைய நோட்டுகள் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. தபால்தலை ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டும் நாம், இவற்றை மட்டும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இது சரிதானா என்று ஆராய்வோம்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வைத்து விற்றார்கள். அவற்றுள் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று 2022இல் 72.5 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அரிதாக இருப்பதே அதன் மதிப்புக்குக் காரணம்.

நம் சென்னையை எடுத்துக்கொள்வோம். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில்தான் இந்தியா இங்கிலாந்தை வென்று, தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினு மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஆட்டம் தொடங்கிய 6ஆம் தேதியன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். அன்றைய செய்தித்தாளில் படத்தை மட்டும் வெட்டினால் ஒரு செய்திதான் கிடைக்கும். முழுப் பக்கத்தையும் வைத்திருந்தால் அந்தக் காலமே நமக்குத் தெரியும். 1986 செப்டம்பர் 22 அன்று அதே சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறை. அன்றைய நுழைவுச்சீட்டு ஒரு சிறு காகிதம்தான்; ஆனால் அது ஒரு சான்று.

சேர்க்கும் முறை

1. ஒவ்வொரு செய்தியின் கீழும் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். தேதியில்லாத படத்தின் மதிப்பு பாதியாகிவிடும்.

2. மைதா பசையைப் பூச்சி அரிக்கும். செல்லோ டேப் நாளடைவில் கறையாகும். ஆகவே படத்தின் மூலைகளை மட்டும் காகித மடிப்புகளில் செருகி வைப்பது நல்லது.

3. செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும். இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

4. கையெழுத்துள்ள படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சிட்டது, பேனாவால் இட்டதன்று.

5. பழைய இதழ் முழுமையாகக் கிடைத்தால் அதை வெட்டவே கூடாது. சென்னையிலிருந்து வெளிவந்து 1968இல் நின்றுபோன ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ போன்ற இதழ்கள் இனி அச்சாகப்போவதில்லை.

ஒரு முன்மாதிரி

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய நூல்களோடு, பிறர் குப்பை என்று கருதிய நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவந்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு சென்னையில் அமைந்ததே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

நம் கடமை

பழைய ஆல்பங்களில் பெண்களைக் காண்பது அரிது. சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் 1976இல் பாட்னாவில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அந்தச் செய்தியை எத்தனை வீடுகளில் வெட்டி ஒட்டியிருப்பார்கள்? 2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக்கோப்பையையே வென்றார்கள். அந்த நாளிதழையாவது நாம் பத்திரப்படுத்த வேண்டாமா?

பெரிய வெற்றிகளை உலகம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லிலும் மாணவிகள் கோகோவிலோ கபடியிலோ வென்றால், அச்செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியாக வரும். அதை நாம் எடுத்து வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கமாட்டார்கள். ஆகவே தோழியரே, இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆல்பம் தொடங்குவோம், தேதியோடு தொடங்குவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி