பச்சோந்தியை வகுப்பில் வளர்க்கலாமா?

இந்தப் பாடம் சிலபஸ்ல கிடையாது, இன்டர்னல் மார்க்கும் கிடையாது. ஆனா தேனி, ஆண்டிபட்டி, கம்பம் பக்கம் படிக்கிற யாருக்கும் என்னைக்காவது தேவைப்படும். வேலியோரத்துல மெதுவா ஆடி ஆடி நடந்து வர்ற பச்சோந்தியைப் பார்த்ததும் நம்மில் ஒருத்தருக்காவது, "இதைப் பிடிச்சு கிளாஸ்ல வளர்த்தா என்னப்பா?"ன்னு தோணும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஆளை அடையாளம் தெரிஞ்சுக்குவோம்

மரத்துல தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு, கிட்டப் போனா விருட்டுன்னு ஓடுறது ஓணான். பச்சோந்தி வேற. அது ஓடாது. இலை காற்றில் ஆடுவது போல முன்னும் பின்னும் அசைந்து ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும். விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும். வால் சுருண்டு ஐந்தாவது கையாக வேலை செய்யும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது 'கமீலியோ செய்லானிக்கஸ்' என்ற இனம். வறண்ட முள்காடும் புதர் வேலியும் அதற்குப் பிடித்த இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நம்ம மாவட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

விஷமா? இல்லவே இல்லை. 'பார்த்தா ஆகாது'ன்னு சொல்லி அடிச்சுப் போடுறவங்க இன்னும் இருக்காங்க. அடிபட்டுச் சாகும் அந்தப் பிராணி மனுஷனுக்குச் செய்த கெடுதல் ஒண்ணும் கிடையாது.

மெக்கானிக்கல் பசங்களுக்கு: நாக்கு

பச்சோந்தியின் நாக்கு உடல் நீளத்தையும் தாண்டிப் பாயும். தசை மட்டும் சுருங்கி இந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. நாக்குக்குள் வழுவழுப்பான ஒரு தண்டு இருக்கிறது. அதைச் சுற்றி நார்ப்புரத உறைகள். தசை முதலில் அந்த உறைகளை மெதுவாக இழுத்து ஆற்றலைச் சேமிக்கிறது, பிறகு ஒரே நொடியில் விடுகிறது. சுருக்கமா சொன்னா உண்டிவில். ரப்பரை இழுக்க நேரம் எடுத்துக்கலாம், விடும்போது அத்தனை ஆற்றலும் மிகக் குறைந்த நேரத்தில் வெளியே வரும். ஆற்றல் அதேதான், நேரம் குறைவதால் பவர் எகிறுகிறது. ஆப்பிரிக்காவின் குட்டிப் பச்சோந்தி ஒன்றில் அளந்தபோது, நாக்கின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 260 மடங்குக்கு மேல் இருந்தது. அந்த ஆய்வு வெளியானது 2016இல்.

இசிஇ பசங்களுக்கு: நிறம்

உட்காரும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாற்றும் என்பதுதான் நாம் காலங்காலமா நம்புறது. கட்சி மாறுறவரைப் பச்சோந்தின்னு திட்டுறதும் அதனாலதான். உண்மை வேறு. நிறமாற்றத்துக்கு முக்கியக் காரணங்கள் வெப்பம், வெளிச்சம், பயம், கோபம், இணை தேடல். குளிர்ந்த காலையில் வெயிலை உறிஞ்சக் கருத்த நிறம். மிரண்டாலும் நிறம் கருத்து, புள்ளிகள் தெரியும்.

இது எப்படி நடக்கிறது? ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்தபோது, தோலின் செல்களுக்குள் குவானைன் என்ற பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டார்கள். படிகங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடினால் அது எதிரொளிக்கும் ஒளியின் அலைநீளமும் கூடும், நிறம் மஞ்சள், சிவப்புப் பக்கம் நகரும். ஆக, அந்தத் தோல் ஒரு போட்டானிக் கிரிஸ்டல்.

இப்போ வகுப்புக்கு வருவோம். பச்சோந்தியைக் கையில் எடுத்து, "டேய், கலர் மாறுது பாருடா!"ன்னு நாம கைதட்டும்போது அநேகமா அது காட்டுறது பயம். நமக்கு வேடிக்கையாத் தெரியுறதுதான் அதோட அலறல். அதுக்குக் கத்தத் தெரியாது.

சரி, வளர்த்தா என்னென்ன வேணும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூண்டில் பிறந்த ஏமன் பச்சோந்திகளை வளர்ப்பவர்கள் உண்டு. அவங்க படுற பாடு இது:

உணவு: உயிருள்ள, அசையும் பூச்சிகள்தான் முக்கியம். கேன்டீன் மிச்சம் ஆகாது.

தண்ணீர்: கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் சீண்டாது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். தினமும் இலைகளில் தெளிக்கணும்.

வெளிச்சம்: புற ஊதா பி கதிர் இல்லையென்றால் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, எலும்பு வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். டியூப்லைட் போதாது.

இடம்: காற்றோட்டமான வலைக்கூண்டு, உயரமாக, உள்ளே செடியோடு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் நிழல்.

தனிமை: கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அதற்கு எதிரி. அறுபது பேர் சத்தம் போடும் வகுப்பு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

சனி, ஞாயிறு, ஸ்டடி ஹாலிடேஸ், செமஸ்டர் லீவு, கரண்ட் கட். அப்போ யார் பூச்சி பிடிச்சுப் போடுறது? நோய் வந்தாலும் அது வெளியே காட்டாது. நமக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினம். அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் வேட்டைதான். சிறைத் தண்டனை வரை போகும். 'சும்மா புராஜெக்டுக்கு சார்'ங்கிறது பதில் ஆகாது. கடையில் வாங்கும் வெளிநாட்டு இனத்துக்கும் பதிவு தேவை. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்யணும்னு 2022 திருத்தம் சொல்கிறது.

அதனால, வகுப்பில் வளர்க்கலாமாங்கிற கேள்விக்குப் பதில்: கூடாது. ஆனா அதைப் பராமரிக்க நம்மால நிறைய செய்ய முடியும்.

நாம செய்யக்கூடியது

ரோட்டைக் கடக்குதா? முட்டையிட மண்ணில் குழி தோண்டப் பெண் பச்சோந்தி மரத்தை விட்டு இறங்கும். அதன் நடைக்கு வண்டிகள் காத்திருக்காது. ஒரு குச்சியை முன்னால் நீட்டுங்க, ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் விடுங்க. வந்த பக்கம் திருப்பி விட்டா மறுபடியும் ரோட்டுக்குத்தான் வரும். முதல்ல உங்க பின்னாடி வண்டி வருதான்னு பாருங்க.

யாராவது பிடிச்சுட்டாங்களா? திட்டாதீங்க. எந்த இடத்தில் பிடித்தது என்று கேட்டு, அன்றே அதே இடத்தில், அதே மரத்தில் விடச் சொல்லுங்க. அடிபட்டிருந்தா கையில வச்சுக்கிட்டு யூடியூப் பார்க்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்க.

பாடமா படிக்கணுமா? பத்தடி தள்ளி நின்று பாருங்க. காலை வெயிலில் என்ன நிறம், மதியம் என்ன நிறம், எத்தனை தடவை நாக்கு நீட்டியது என்று நேரத்தோடு குறிச்சு வைங்க. போன்ல ஸ்லோமோஷன் இருக்கு. ஒரு மாதக் குறிப்பு சேர்ந்தால் நல்ல மினி புராஜெக்ட்.

காலேஜ் வேலியைச் சுத்தம் பண்றேன்னு புதரையெல்லாம் வெட்டி, பூச்சிமருந்து அடிக்கும்போது ஒரு ஓரத்தையாவது விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க. பூச்சி இருந்தாத்தான் பச்சோந்தி இருக்கும்.

படம் எடுத்தா ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறோம். எந்த இடம், எந்த மரம்னு மட்டும் எழுத வேண்டாம். படிக்கிற எல்லாரும் பார்க்க மட்டுமே போவாங்கன்னு சொல்ல முடியாது.