அந்த இரண்டாவது ஆள்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் கொட்டித் தீர்த்தபோது டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "சரி சரி, தூங்கு" என்று வைத்துவிட்டேன். போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். முடித்துக் கொடுத்த வேலையை க்ளையன்ட் தரப்பு ஆள் மறுபடியும் மாற்றச் சொல்லிவிட்டார். ரெண்டு ராத்திரி தூக்கம் கெட்ட எரிச்சலில் நீ டீம் வாட்ஸ்அப் குழுவில், "சரியான மெண்டல் கேஸ், கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கப்பா" என்று போட்டாய். நாலைந்து பேர் சிரித்து எமோஜி போட்டார்கள். உனக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் அந்த அக்கா மட்டும், "என் தம்பி அங்கதான் வைத்தியம் பார்த்துக்கிறான்" என்று ஒரே வரி எழுதினார். குழுவே அமைதியாகிவிட்டது. மறுநாள் டீம் லீட் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "நான் அவங்களைச் சொல்லவே இல்லையே அத்தை, இப்பல்லாம் வாயைத் திறந்தாலே யாருக்காவது மனசு புண்பட்டுருது" என்று என்னிடம் பொருமினாய்.

நீ அவரைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். விஷயமே அதில்தான் இருக்கிறது. எந்த ஏச்சை வேண்டுமானாலும் எடுத்துப் பார், அதற்குள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர், நாம் யாரை ஏசுகிறோமோ அவர். மற்றவர், யாரைப்போல இருப்பது கேவலம் என்று காட்டி முதல் ஆளை மட்டம் தட்டுகிறோமோ அவர். கூப்பிட்டது காதில் விழாத பையனை நம் ஊரில் "செவிட்டு மூதி" என்பார்கள். பையன் அடுத்த நிமிஷமே அதை மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவான். நிஜமாகவே காது கேளாதவர்தான் எடைக்கல்லாகத் தராசுத் தட்டில் கிடக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு ஆண்கள் முட்டிக்கொண்டால், அந்த இடத்திலேயே இல்லாத அவர்களுடைய அம்மாக்கள் தெருவுக்கு இழுக்கப்படுகிறார்கள். மென்மையாகப் பேசும் பையனைச் சீண்டத் திருநங்கைகளை இழுக்கிறார்கள். ஒருவன் அழுக்குச் சட்டை போட்டிருந்தால் ஏதோ ஒரு சாதியின் பேரைச் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது ஆட்கள் யாரும் நமக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் கிடையாது.

நீ பார்க்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவின் ஓ.பி. வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. அதற்கு எதிரே கண் பிரிவின் பெஞ்சு. ஒருநாள் காலையில் ஒரு அம்மா ப்ளஸ் டூ படிக்கும் மகனோடு வந்து அந்தக் கண் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயிலே படாத இடத்தில் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். எதிர்வரிசை குறையக் குறைய அங்கே பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார். கடைசி ஆள் உள்ளே போன பிறகுதான் எழுந்து என்னிடம் வந்தார். "சீட்டுல தலைவலின்னு எழுதிரலாமா சிஸ்டர்? ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டாங்கன்னா பையனுக்கு மெண்டல்னே பேராயிரும். இவன் தங்கச்சி வேற இருக்கா" என்றார். பையனுக்குக் காதில் யாரோ பேசுவதுபோலக் கேட்கிறது. ராத்திரியெல்லாம் தூங்காமல் நடந்துகொண்டே இருக்கிறான். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது நர்சிங் படிக்கும் பிள்ளைக்கே தெரியும். அந்த அம்மாவை ஒரு வருஷம் இந்த வாசலுக்கு வரவிடாமல் தடுத்தது எது? டீக்கடையில், காலேஜில், சினிமாவில் எல்லாரும் விளையாட்டாகச் சொல்லிச் சிரித்த அதே சொல்தான். சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பையனைத் தெரியாது.

நீ எழுதிய கீழ்ப்பாக்கம் இருக்கிறதே, 1794-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் மனநல ஆஸ்பத்திரி அது. எத்தனையோ பேர் அங்கே குணமாகி வேலைக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் வெளியே வந்து "நான் அங்கே இருந்தேன்" என்று பலராலும் சொல்ல முடிவதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். நீ அப்போது பிறந்திருக்கவில்லை. அந்த வாரம் வார்டில் யாராலும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவர்கள் கட்டிவைக்கப்பட வேண்டிய ஆட்கள் என்று எல்லாரும் நம்பியதால்தானே சங்கிலி போட முடிந்தது? மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல்லுக்கும் அந்தச் சங்கிலிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஜனங்கள் இப்போது தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டார்கள் என்றாய். நான் அப்படிப் பார்க்கவில்லை. வலி எப்போதும் இருந்தது. இத்தனை காலம் வாய்மூடி இருந்த இரண்டாவது ஆள் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் பேசியதால் ஒவ்வொன்றாக மாறி வந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ரெஜிஸ்தரில் "ஊனமுற்றோர்" என்று கட்டம் போட்டிருக்கும். கலைஞர் காலத்தில் அது "மாற்றுத்திறனாளிகள்" ஆனது. கேவலமான பேர்களால் துரத்தப்பட்டவர்களைத் திருநங்கை என்று ஊரே மரியாதையோடு சொல்லப் பழகியிருக்கிறது. அவர்களுக்கென்று 2008-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது. பாட்டிலும் வசனத்திலும் வசவாகப் புழங்கும் "சண்டாளன்" என்பது பட்டியல் சாதி ஒன்றின் பேர், அதை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் 2024-இல் சொன்னது. அதே வருஷம் ஜூலையில், மாற்றுத்திறனாளிகளைச் சினிமாவில் எப்படிக் காட்டக் கூடாது என்று உச்சநீதிமன்றம் விரிவாக வழிமுறை சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவர்களோடு சேர்ந்து சிரிக்கவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்திச் சிரிக்கும் நகைச்சுவை வேறு என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், "காலனி" என்பது வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசுப் பதிவேடுகளிலிருந்து அதை நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் "எங்கடா, காலனியா?" என்று கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியும்.

சட்டமும் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் அவமதிப்பது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், அவர்களுக்கான 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் நீ போலீசுக்குப் பயந்து வாயைக் கட்டும் பிள்ளையாக இருப்பதில் எனக்கு ஆசை இல்லை.

சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. எங்கள் வார்டைக் கூட்டித் துடைப்பவர்களை இப்போது அரசு ஆணைகளில் "தூய்மைப் பணியாளர்" என்று எழுதுகிறார்கள். நல்ல பேர். ஆனால் அவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை, காலேஜிலிருந்து நேற்று வந்த பயிற்சி டாக்டர் "ஏய், இங்க வா, இதைத் துடை" என்கிறான். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. நம் பேச்சில் ஒருவரை அவமதிக்க ஒரு "வா" போதும். அந்த அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். வாளியை எடுத்துக்கொண்டு வருவார், துடைப்பார், போவார். 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது அவர்கள் கேட்டது புதுப் பேர் இல்லை, வேலைப் பாதுகாப்பு. சரியான சொல்லைச் சொல்லிவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பவனைவிட, பழைய சொல்லைச் சொன்னாலும் கூட நிற்பவனை நான் மதிப்பேன். உன்னிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறேன். உன் ஆபீஸில் டீ கொண்டுவருபவரின் பேர் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேள். பேரோடு "அண்ணே" சேர்த்துக் கூப்பிடு.

இப்போது அந்த அக்காவிடம் என்ன செய்வது? குழுவில் எழுதினாய், அதனால் குழுவிலேயே மன்னிப்புக் கேள். "நான் எழுதியது தப்பு, மன்னிச்சிருங்க, இனி எழுத மாட்டேன்." இதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம். "அந்த அர்த்தத்துல சொல்லல", "யாராவது புண்பட்டிருந்தா" என்பதெல்லாம் மன்னிப்பு ஆகாது, அது வக்கீல் வாதம். பிறகு அவரை நேரில் பார்க்கும்போது ஒருமுறை சொல். அவர் முகம் கொடுக்காவிட்டால் விட்டுவிடு, அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவருடைய தம்பிக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்று நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு கேட்டுவிடாதே. வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் எழுத அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசி.

கோபப்படாதே என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பகல் பாராமல் உழைத்த வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். கோபத்தை அந்த ஆள் செய்த காரியத்தின்மேல் காட்டு. "மூணாவது தடவையா மாத்தறாங்க, இது அநியாயம், எங்க நேரத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று எழுதியிருந்தால் அந்த அக்காவே உன் பக்கம் நின்றிருப்பார். வண்டியில் போகும்போது எவனாவது குறுக்கே வந்தாலும் இதேதான். "பாத்து ஓட்டக்கூடாதா?" என்று எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கத்து. அவன் அம்மாவை விட்டுவிடு. இன்னொன்று, ரெண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றாயே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை. அது நீடித்தால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்று மத்திய அரசு நடத்தும் இலவச உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

ஊருக்கு வந்தால் ஆச்சி பேசுவதைக் கேட்டு இனி உனக்குச் சங்கடமாக இருக்கும். பேரன் கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால் பதறிப்போய் "சண்டாளா" என்பாள். அதில் பாசம் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் சத்தியம் செய்வாள். அவளை உட்காரவைத்து ஆணையம் சொன்னதை வாசிக்காதே. எண்பது வயது நாக்கு ஒரே பேச்சில் திரும்பாது. ஆனால் தேங்காய் பறிக்க வருகிறவரை அவள் சாதிப் பேர் சொல்லி "ஏலே" என்று கூப்பிடும்போது மட்டும் சும்மா இருக்காதே. அங்கே அவர் நிற்கிறார், அவர் காதில் விழுகிறது. நீ முந்திக்கொண்டு "வாங்க மாமா, உக்காருங்க" என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போடு. நான் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆச்சி முதலில் முறைத்தாள். இப்போது அவருக்குக் காப்பி எங்கள் டம்ளரிலேயே போகிறது. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவளும் வந்திருக்கிறாள்.

கடைசியாக, நீ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்று. ரூமில் பசங்கள் உன்னை "கருவாயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், "நட்புல சொல்றதுதான் அத்தை" என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. ஆறாம் வகுப்பில் பள்ளி நாடகத்தில் உன்னை ராஜா வேஷத்திலிருந்து எடுத்தபோது வீட்டுக்கு வந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிள்ளை நீ. இப்போது நீ சிரிப்பதால் உனக்குச் சம்மதம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே முதல் ஆளும் நீதான், இரண்டாவது ஆளும் நீதான். அந்த அக்காவால் ஒரு வரி எழுத முடிந்ததே, உன்னாலும் முடியும். சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம். எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, "எனக்கு அது பிடிக்கலடா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சிரிக்காமல் சொல். மறந்துபோய் ஒன்றிரண்டு தடவை வாயில் வரும், அதைப் பொறுத்துக்கொள். வேண்டுமென்றே தொடர்கிறவனோடு ஒரே ரூமில் கிடக்க வேண்டிய தலையெழுத்து உனக்கில்லை. வேறு ரூம் பார். அட்வான்ஸ் பணத்துக்கு உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை