கழி நட்டால் கணக்கு வரும்

பனியாறு உருகுகிறது என்று செய்தி வந்தால், அதன் முனை எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். எவ்வளவு ஐஸ் போயிற்று என்பது அதில் தெரியாது. முனை நின்ற இடத்திலேயே நிற்க, மேற்பரப்பு வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகும். அந்த இளைப்பை அளக்க ஆள் ஏறித்தான் ஆகவேண்டும்.

நான் வேலை பார்த்தது இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதியில், சந்திரா நதிப் படுகையில் இருக்கும் சோட்டா ஷிக்ரி பனியாற்றில். சுமார் 9 கி.மீ. நீளம், 15.5 ச.கி.மீ. பரப்பு. 2002இலிருந்து அங்கே கழி நட்டு அளக்கிறார்கள்.

வேலை எளிமையானதுதான். சின்ன பாய்லரில் நீராவி உண்டாக்கிக் குழாய் வழியே விட்டால், குழாயின் நுனி ஐஸை உருக்கிக்கொண்டு இறங்கும். பத்து மீட்டர் ஆழம் வரை துளைத்து, இரண்டிரண்டு மீட்டர் மூங்கில் துண்டுகளைக் கம்பியால் கோத்து உள்ளே இறக்குவோம். ஐஸ் குறையக் குறைய மேல்துண்டு வெளியே வந்து, கம்பி முடிச்சில் மடங்கிச் சாய்ந்துவிடும், காற்றில் ஒடியாது. ஒவ்வொரு துண்டிலும் கழி எண்ணையும் துண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எதிரே நிற்பது மூன்றாவது துண்டா நான்காவதா என்றே தெரியாது.

அளக்கும்போதுதான் கவனம் வேண்டும். கழியைச் சுற்றி வெயில் ஒரு சிறு குழியைத் தோண்டியிருக்கும். டேப்பை அந்தக் குழிக்குள் விட்டால் இல்லாத உருகல் கணக்கில் ஏறும். ஐஸ் கோடரியின் காம்பைக் குழியின் குறுக்கே படுக்க வைத்து அதுவரை அளக்க வேண்டும். அளப்பவர் சொல்லும் எண்ணை எழுதுபவர் திரும்பச் சொல்லட்டும். பேனா வேண்டாம், குளிரில் மை வராது, பென்சில் போதும். சுற்றியிருந்த ஐஸ் முழுதும் உருகிக் கழி வெளியே விழுந்து கிடந்தால், நட்ட ஆழத்தை வைத்து “குறைந்தபட்சம் இவ்வளவு உருகியது” என்று மட்டுமே எழுதலாம். பனியாறு நகர்வதால் கழியும் நகரும்; ஒவ்வொரு முறையும் ஜிபிஎஸ் குறிப்பு எடுங்கள்.

போன வருஷம் 1.2 மீட்டர் வெளியே நின்ற கழி இப்போது 3 மீட்டர் நின்றால், 1.8 மீட்டர் ஐஸ் போயிருக்கிறது. ஐஸின் அடர்த்திக்காக 0.9ஆல் பெருக்கினால் 1.62 மீட்டர் தண்ணீர். புதுப்பனி மூடியிருந்தால் அதன் உயரத்தையும் எடையையும் தனியே எடுக்க வேண்டும். பனி சேரும் மேல்பகுதியில் கழி மட்டும் போதாது. பள்ளம் தோண்டி, போன கோடையின் அழுக்குப் படலம் வரை எடை போட வேண்டும். முதுகு ஒடியும் வேலை அதுதான்.

கழிகளைச் சுத்தமான ஐஸில் மட்டும் நட்டுவிட்டு வராதீர்கள். மெல்லிய தூசு வெயிலை இழுத்து உருகலைக் கூட்டும். தடித்த கல்மண் மூடல் குறைக்கும். பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு கழிகள் வேறு வேறு கதை சொல்லும்.

செப்டம்பர் கடைசியில் எல்லாக் கழிகளையும் படித்து, உயர வாரியாகப் பரப்போடு பெருக்கிக் கூட்டினால் வருஷக் கணக்கு வரும். சோட்டா ஷிக்ரியில் 2002 முதல் 2019 வரையிலான சராசரி இழப்பு ஆண்டுக்கு 0.46 மீட்டர் தண்ணீர். ஏறத்தாழ 700 கோடி லிட்டர். நடுவில் 2009–10 போன்ற சில ஆண்டுகளில் அது எடை கூடியும் இருக்கிறது. ஒரே ஆண்டின் எண்ணைக் காட்டி யார் என்ன சொன்னாலும், மற்ற ஆண்டுகளின் எண்களையும் கேட்டு வாங்குங்கள்.